வாகை வாயில் முரசு

மஞ்சுமலையின் முகடுகளுக்குப் பின்னால் செங்கதிரோன் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், கீழ்த்திசையில் முழுமதி எழுந்து ஆன்பொருநை நதியின் மீது தன் வெள்ளொளியைத் தாராளமாக வாரி இறைத்தது. கரையோர மருத மரங்களில் நாரைகள் இடத்துக்காகச் சச்சரவிட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் சச்சரவாவது இருட்டியதும் தீர்ந்துவிடும். ஆற்றின் நடுவே, மணல்திட்டின் வெண்பந்தலில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரின் வழக்கோ, கார்த்திகையில் தொடங்கி மாசி பிறந்த பிறகும் தீர்ந்தபாடில்லை.

இருவரில் ஒருவன் வெண்மணற்கோட்டையின் இளந்தளபதி இளஞ்சாத்தன். அவனுடைய தமையனும் கோட்டைத் தலைவனுமான பெருஞ்சாத்தன், கணவாய்ச் சண்டையில் மலைக் கிளர்ச்சிக்காரர்களிடம் சிறைப்பட்டிருந்தான். மற்றவள் கொற்றி, அந்தக் கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து தூது வந்தவள். அவள் தந்தை காரியும் வேறு பத்து மலைவீரர்களும் கோட்டைச் சிறையில் கிடந்தார்கள். பதினொருவரை விட்டால் ஒருவரைத் தருவதென்று முதல் நாளே பேசி முடிந்துவிட்டது. பிறகு என்னதான் தடை என்கிறீர்களா, வாசகர்களே? ஒரே ஒரு சொல்தான் தடை!

சிறைப்பட்டவர்களை விடுவிக்கும்போது கோட்டை வாயிலில் அரச ஓலையை உரக்கப் படிப்பது அந்நாட்டு வழக்கம். அந்த ஓலையில் 'மலைக்கள்வர்' என்று எழுதியிருந்தது. 'மலைப்படை' என்று எழுதினாலன்றி ஒருவரும் வெளியே வரமாட்டார்கள் என்றார்கள் மலைநாட்டார். தந்தத்துக்கு இறை, தேனுக்கு இறை, விறகுக்கும் இறை என்று அரசரின் உத்தரமந்திரி வரி விதித்துக்கொண்டே போனதால் வில்லெடுத்தவர்கள் அவர்கள். அதற்கு முந்தின போர்வரை அரசருக்காக வில்லெடுத்தவர்களும் அவர்களேதான். கள்வர் என்றால் அவர்களுக்குச் சுடாதா?

"இனிப் பேச்சை வளர்க்க நேரமில்லை, கொற்றி!" என்றான் இளஞ்சாத்தன். "உத்தரமந்திரியே கோட்டைக்கு வந்துவிட்டார். நாளை அந்திக்குள் ஓலையை ஏற்காவிட்டால் பதினொருவரும் கழுவேற வேண்டியதுதான்."

கொற்றியின் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் குரல் சிறிதும் தளரவில்லை.

"அவர்கள் கழுவேறினால் தங்கள் தமையனார் உயிரோடு திரும்பமாட்டார். அதையும் மந்திரியாரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். கோட்டைத் தலைவர்களுக்கா பஞ்சம் என்றார். அதனால்தான் உன்னிடம் கெஞ்சுகிறேன். ஒரு சொல்தானே? காதில் வாங்கிக் காற்றில் விட்டுவிடக் கூடாதா? உங்கள் நாயகம் என்பவனுக்கு அவ்வளவு வீம்பா?"

மஞ்சுமலை நாயகம் என்ற பெயரைக் கேட்டால் உத்தரமந்திரிக்கே உறக்கம் போய்விடும். கிளர்ச்சிக்காரர்களின் தலைமை அந்தப் பெயரில்தான் இருந்தது. முகத்தைக் கண்டவர் கோட்டையில் எவருமில்லை. பிடித்துத் தருபவனுக்கு ஓர் ஊரையே மானியமாகத் தருவதாக அரசர் அறிவித்திருந்தார்.

"நாயகம் இதற்கு ஒருப்படாது," என்றாள் கொற்றி. 'அவன்' என்று இவன் எத்தனை முறை சொன்னாலும் அவள் 'அது' என்றேதான் சொல்வாள். மலைநாட்டாரின் பேச்சு வழக்குப் போலும் என்று நம் தளபதியும் விட்டுவிட்டான். "தங்கள் தமையனாரும் ஒருப்படமாட்டார். அவர் சொல்லியனுப்பியதைக் கேளுங்கள்: 'என்னை இவர்கள் வளைத்துப் பிடித்த அழகை நான் அறிவேன். இவர்கள் கள்வர் என்றால், வழிப்பறிக்காரர்களிடம் வாளைப் பறிகொடுத்த பேதையாக அல்லவா நான் வீடு திரும்ப வேண்டும்? படையிடம் தோற்றவன் என்று அழைத்தால் வருகிறேன். இல்லையேல் இங்கேயே சாகிறேன் என்று என் தம்பியிடம் சொல்.'"

இளஞ்சாத்தன் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தான். அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தால் வேறென்ன செய்வது?

"அண்ணன் அப்படித்தான் சொல்வார்," என்றான் மெல்ல. "ஆனால் ஓலையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அரச துரோகம். நான் என்ன செய்யட்டும்?"

"என் தந்தையைத் தாங்கள் அறியமாட்டீர்கள். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே வாயிற்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். மற்றவர்களும் அவர் பக்கத்தில் உட்காருவார்கள். பிறகு அவர்களைக் கழுமரத்துக்குத்தான் தூக்கிப் போக முடியும்."

"காதில் விழுந்தால்..." என்று திருப்பிச் சொன்னான் இளஞ்சாத்தன். இன்னொரு முறையும் சொன்னான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். கொற்றி திடுக்கிட்டுப் போனாள்.

"நாளை அந்தியில் என் தமையனைக் கரைக்கு அழைத்து வா. உங்கள் வீரர் காதில் அந்தச் சொல் விழாது. இது என் வாளின் மேல் ஆணை!"

கொற்றி அவனை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். "அந்த வாளை நம்பி வருகிறேன்," என்று எழுந்தாள்.

"உங்கள் நாயகத்தை ஒருமுறை நான் காண வேண்டுமே!"

"வேளை வந்தால் அதுவே தங்கள் முன் வரும்."

அவளுடைய பரிசல் நிலவொளியில் விலகிச் சென்றது. நாளை இந்தப் பந்தலைப் பிரித்துவிடுவார்களே என்று நம் தளபதிக்கு நெஞ்சு வலித்தது. தமையன் மீளும் வேளையில் இப்படியொரு வலியா என்று தன்னையே கடிந்துகொண்டான்.

வெண்மணற்கோட்டைக்கு இரண்டு வாயில்கள். குற்றவாளிகளைக் கொண்டு செல்வது தென்வாயில் வழியாக. ஆற்றை நோக்கிய வாகை வாயிலோ படைகளுக்கு மட்டுமே திறப்பது. அதன் கதவு திறந்ததும் மேல்மாடத்துப் போர்முரசு முழங்க வேண்டும். படையை நடத்துபவன் கடைசியாகப் படி தாண்டும்வரை முரசை நிறுத்தலாகாது. முரசு முழங்கிக்கொண்டிருக்கையில் அங்கே எவனும் வாளை உருவலாகாது. அரசரின் முன்னோர் கல்லில் வெட்டிவைத்த ஆணை அது.

மறுநாள் அந்தியில், எந்த வாயில் என்று ஓலையில் எழுதியிராததால், இளஞ்சாத்தன் பதினொருவரையும் தானே நடத்தி வந்து வாகை வாயிலைத் திறந்தான். வெளியே ஓலையோடு நின்ற உத்தரமந்திரி வாயெடுக்கும் முன்பே முரசு இடியென முழங்கியது. மந்திரி கழுத்து நரம்பு புடைக்க ஓலையைப் படித்தார். உதடுகள் அசைந்தன, கன்னங்கள் சிவந்தன. ஒரு சொல்லாவது எவர் காதிலாவது விழ வேண்டுமே! பழக்க தோஷத்தால் காவலர்கள் வேல்களைத் தாழ்த்தி மரியாதை செய்தார்கள். கிழவர் காரி முரசை அண்ணாந்து பார்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார், படை நடக்கும் நடையில் படி தாண்டினார். பத்து வீரரும் அவர் பின்னே அடி தவறாமல் நடந்தார்கள்.

கரையில் பரிசலிலிருந்து பெருஞ்சாத்தன் இறங்கினான். அவன் இடையில் அவனுடைய வாள் தொங்கியது. அவன் பின்னால் கொற்றி நின்றாள். அப்போதுதான் அது நடந்தது. காரி அவளை நெருங்கியதும் கட்டித் தழுவவில்லை. நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்து வணங்கினார். பத்துப் பேரும் விழுந்தார்கள். பெற்ற தகப்பன் மகள் காலில் விழுவதுண்டா, வாசகர்களே? தன் தலைவியின் காலில் விழுவதுண்டு!

இளஞ்சாத்தனுக்கு உடல் சிலிர்த்தது. 'அது, அது' என்று அவள் சொன்னதன் பொருள் இப்போதல்லவா விளங்கியது! இரண்டு திங்களுக்கு மேலாக அவன் எதிரே அமர்ந்திருந்தது மஞ்சுமலை நாயகமேதான்.

மந்திரிக்கும் அது விளங்கிவிட்டது. "பிடியுங்கள் அவளை!" என்று ஒவ்வொரு காவலன் காதிலும் கத்தினார். வாள்பிடிக்குச் சென்ற கைகள் முரசொலியில் தயங்கி நின்றன. மந்திரி மாடத்தின் கீழே ஓடிவந்து, நிறுத்து என்று கையை வீசினார். கிழட்டு முரசுக்காரன் வாயிற்படியைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தான்.

"பதினொருவரும் போய்விட்டார்களே! இன்னும் யார் பாக்கி?" என்று இளஞ்சாத்தனின் காதில் அலறினார் மந்திரி.

"நான்," என்று அவர் காதில் திருப்பிச் சொன்னான் படிக்கு உள்ளே நின்ற இளஞ்சாத்தன்.

பரிசல்கள் ஆற்றைக் கடந்தன. அக்கரையில் கொற்றி தன் வில்லை இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்தி, வாயிலை நோக்கி வணங்கினாள். அது யாருக்கான வணக்கம் என்று அவன் நெஞ்சுக்குத் தெரிந்தது.

பெருஞ்சாத்தன் படி தாண்டி உள்ளே வந்து, தம்பியின் தோளை இறுகப் பற்றி, அவன் காதருகே குனிந்தான். "என்னடா இவ்வளவு முழக்கம்?"

"படை போகிறது, அண்ணா!"

"ஆம், படைதான்! நான் தோற்றது அதனிடம்தான்," என்று மந்திரியின் முகத்தைப் பார்த்தே சொன்னான் பெருஞ்சாத்தன்.

இளஞ்சாத்தன் தன் வாளை உறையோடு கழற்றி மந்திரியிடம் நீட்டினான். "எடுத்துக்கொள்ளுங்கள். இதன் மேல் இட்ட ஆணை நிறைவேறிவிட்டது. விசாரணைக்கு நான் ஆயத்தம்."

பிறகு தமையனோடு கோட்டைக்குள் திரும்பி நடந்தான். அவன் கடைசிவரை படி தாண்டவேயில்லை, முரசுக்காரனும் நிறுத்தவேயில்லை.