பாலாற்று மணல்

அன்று மாலை மேற்கு கேலரியில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: செங்கல்பட்டு செங்கல்வராயன், அவர் மகன் சுதாகர், பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியாளர் மீனாட்சி, கான்கிரீட்டைத் துளைக்கும் எந்திரத்தை ஓட்டிய லோகு. உயிருள்ளவர்களில் வேறு எவரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நெம்மேலியைத் தாண்டி, கடலை ஒட்டிய பல்கலைக்கழக மைதானம் அது. காரை விட்டு இறங்கியதும் செங்கல்வராயன் நேரே கேலரி வாசலில் பதித்திருந்த கல்லிடம் போனார். தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தார். 'இக்கேலரியைக் கட்டியவர் செங்கல்பட்டு மு. துரைக்கண்ணு.' அவருடைய தந்தை. அந்தக் கல்லுக்காகத்தான் எழுபத்தைந்து வயதில் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

கேலரி விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்த கம்பிகள் துருவேறி, படிக்கட்டுகளைப் பிளந்துகொண்டு வெளியே துருத்தின. பழுது பார்த்தால் போதுமா, இடிக்க வேண்டுமா என்று தீர்மானிக்க, கான்கிரீட்டைத் துளைத்துப் பார்க்கப் போகிறார்கள். துரைக்கண்ணு போட்டது, குடும்பம் சொல்லிவருவதுபோல், பாலாற்று மணல் என்றால் கேலரியும் கல்லும் நிற்கும். கம்பியை அரிக்கும் உப்புள்ள கடல் மணல் என்றால் இரண்டும் போகும். போவது கல் மட்டுமல்ல, குடும்பத்தின் மானமும்தான் என்பது செங்கல்வராயனுக்குத் தெரியும்.

அந்த மைதானத்தில் பார்வையாளர்களுக்கு எப்போதும் மேற்கு கேலரி ஒன்றுதான். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். ஆட்டம் சலித்தால் கடலைப் பார்க்கலாம். இந்த ஆண்டு மைதானத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கிழக்கிலும் ஒரு கேலரி எழுப்பத் தொடங்கினார்கள். இரும்புச் சட்டம் நட்டு, தகரம் அடித்தார்கள். கடல் மறைந்தது.

அன்றிலிருந்துதான் தொல்லை. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் டப்பாக்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பயிற்சி ஆட்டம் பார்க்க வந்த மாணவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். பின்வரிசைக்காரன் முழங்காலால் முதுகில் இடிக்கிறான் என்றார்கள். பின்வரிசையில் யாரும் இருக்கவில்லை.

லோகு எந்திரத்தை நிறுத்தி, துளையிலிருந்து கான்கிரீட் உருளையை உருவி எடுத்தான். கையளவு கனம். தண்ணீர் விட்டுக் கழுவினான். பிறகு கழுவுவதை நிறுத்திவிட்டான்.

"இன்னாப்பா, கிளிஞ்சலா?" என்றாள் மீனாட்சி.

"கிளிஞ்சலும் கீது மேடம். இது கிளிஞ்சல் இல்ல. பல்லு."

உருளையின் பக்கவாட்டில், எந்திரத்தின் வைர முனை அறுத்த வாக்கில், ஒரு கடைவாய்ப் பல் பாதியாய்ப் பளபளத்தது.

"ஏதாவது நாய்ப் பல்லா இருக்கும்," என்றார் செங்கல்வராயன்.

"வெத்தலக் கற கீதே பெரியவரே. உங்க பாலாத்து நாயி வெத்தல போடுமா?"

சுதாகர் சிரித்துவிட்டான். தந்தை திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

லோகு பக்கத்துக் குப்பத்துக்காரன். உருளையைத் தன் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டான்.

"கடல்ல பூட்டவங்கள எங்க ஊர்ல படுக்க வெச்சி பொதைக்க மாட்டோம் மேடம். உட்கார வெச்சி, மூஞ்சி கடலாண்ட. கூடப் போனதுல ஒடம்பு கெடைக்காதவன் எப்பனா வருவான், அவன பாத்துகினே இருக்கணும்னு. ஒரு மழ காலத்துல அந்தப் பொதமேடே காணாம பூட்ச்சு. மண்ண அள்ளின லாரி எவனுதுன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"வார்த்தைய அளந்து பேசு. எங்க நைனா பாலாத்து மணல்தான் போட்டாரு."

"ஒரு வார்த்த சொல்லு பெரியவரே, இது எங்க குப்பத்து மண்ணுன்னு. இத்த இடிச்சி கடலாண்ட கொட்டிட்றோம். அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. கல்லு போனா போவுது."

"போவுதா? அதுல இருக்கிறது எங்க நைனா பேருடா. பாலாத்து மணல். எத்தினி தபா கேட்டாலும் அதான்."

அப்போது துளையிலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது.

இறுகிய கான்கிரீட்டுக்குள் தளர்ந்த மணல் ஏது? ஆனாலும் அது ஈரமாக, சரசரவென்று, நிற்காமல் வழிந்து படிகளில் இறங்கியது. கருவாடும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் எழுந்தது.

"நைனா," என்றான் சுதாகர் மெதுவாக. "நிழல பாரு."

வெயில் அவர்களுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. கேலரியின் நிழல் புல்தரையில் நீண்டு கிடந்தது. அதன் விளிம்பு நேர்க்கோடாக இருக்க வேண்டும். இல்லை. தலைகள். தோளோடு தோள் ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

நால்வரும் திரும்பி மேல்வரிசையைப் பார்த்தார்கள்.

காலி.

மறுபடி புல்லைப் பார்த்தார்கள்.

நிரம்பி வழிந்தது.

லோகு துண்டு மூட்டையோடு ஓடினான். மீனாட்சி செருப்பை விட்டுவிட்டு இறங்கினாள். சுதாகர் தந்தையின் கையைப் பிடித்து இழுத்தான்.

"வா நைனா, பூட்லாம்."

"நீ போய் வண்டிய எடு. நான் ஓடினா அவன் சொன்னது நெசம்னு ஆயிடும். எங்க நைனா கட்டின கேலரி. இங்க உட்காருவேன். எவன் எழுப்புறான்னு பாத்துடலாம்."

உட்கார்ந்தார். சுதாகரின் காலடி ஓசை படிகளில் இறங்கி ஓய்ந்தது.

முதுகில் ஒரு முழங்கால் இடித்தது.

அவர் அசையவில்லை. முதுகை இன்னும் நிமிர்த்தினார். இன்னொரு முழங்கால் இடித்தது. எலும்பு, துணிகூட இல்லாத எலும்பு. பிறகு இரு பக்கமும் ஈரத் தோள்கள் நெருக்கின. வேட்டி நனைந்தது.

காதருகே ஒரு குரல், மணலை மென்றுகொண்டே பேசுவது போல:

"மறைக்குது."

எதிரே தகரம் மாலை வெயிலில் மின்னியது.

"மறைக்குது," என்றது இன்னொரு குரல். அதற்கடுத்து இன்னொன்று. கேலரி முழுவதும் அந்த ஒரே முணுமுணுப்பு.

எழ முயன்றார். கைகள் தோளை அழுத்தின. புல்தரையில் தன் நிழலைத் தேடினார். வரிசை வரிசையாகத் தலைகள். நடுவே நிமிர்ந்திருந்த ஒன்று அவருடையது. மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக அதன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

"யாரு மண்ணு?" என்றது காதருகே இருந்த குரல்.

ஒரு வார்த்தை போதும். அது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. வாசல் கல்லை நினைத்தார்.

"பாலாத்து..."

நாக்கில் உப்புக் கரித்தது. தொண்டைக்குள் ஏதோ சரசரத்தது.

சுதாகர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மேலே வந்தபோது அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து மணல் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

மருத்துவர் மாரடைப்பு என்றார். உடம்பு விறைத்துப்போய், முட்டி மடங்கியபடியே வீடு வந்தது. எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பங்காளிகள் பிடித்து நீட்டிப் படுக்க வைத்தார்கள். அந்த உருளையை லோகு திருப்பிக் கொடுக்கவில்லை. மீனாட்சி வேலையை விட்டுப் போய்விட்டாள். சாட்சி இல்லாததால் கேலரியை இடிக்கவில்லை, வெளியே புதுப்பூச்சுப் பூசி விட்டுவிட்டார்கள். கல் இன்றும் வாசலில் இருக்கிறது. எழுத்து அழியவில்லை. கிழக்கில் தகரமும் அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. செங்கல்வராயனைக் குப்பத்து வழக்கப்படி உட்கார வைத்து, கடலைப் பார்க்கத் திருப்பி அடக்கம் செய்தார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. சுத்தப் பொய். பாலாற்றங்கரையில், குடும்பத்துக்குரிய இடத்தில், தலை தெற்கே கால் வடக்கே படுக்க வைத்துத்தான் சுதாகர் கொள்ளி வைத்தான். அதை ஊரே பார்த்தது.

சிதையில் எழுந்து உட்கார்ந்தது அவராகத்தான். கிழக்கே திரும்பியதும் அவராகத்தான்.