மூன்றாவது கயிறு

கிளிப்பின் நிறம் பச்சை என்றுதான் எனக்கு நினைவு. என்னோடு படித்த ரேடியோ நீலம் என்கிறான். அந்த மாதம் முழுக்க மழை பெய்ததாகவும் தோன்றுகிறது. அப்படிப் பெய்திருக்குமா என்று தெரியவில்லை. பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் நான் செய்த காரியத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை மட்டும் நம்பிப் படியுங்கள்.

அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு. நான் வகுப்புத் தலைவி, அதனால் எல்லாருக்கும் நான் 'லீடர்'. சாக்பீஸ் எடுத்து வருவது, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்துவது எல்லாம் என் வேலை. பலகையில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும். வாயை மூடத் தெரியாத அந்தப் பையனைத்தான் ரேடியோ என்று கூப்பிட்டோம்.

அந்த வருடம் திங்கட்கிழமைகளில் வாழ்க்கைத் திறன் என்று ஒரு வகுப்பு வந்தது. அதற்காக ஒரு டீச்சரும் புதிதாக வந்தார். புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. கோபம் வந்தால் என்ன செய்வது, பிடிக்காததை எப்படி வேண்டாம் என்று சொல்வது, மனம் கனக்கும்போது யாரிடம் போவது என்றெல்லாம் பேசுவார். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்ன அன்று ரேடியோ தூங்கியே போனான். டீச்சர் அவனை எழுப்பவில்லை. வகுப்பில் பாடத்தை ஒழுங்காகச் செய்தவன் அவன் ஒருவன்தான் என்றார்.

அந்த டீச்சர்தான் பின்சுவரில் மூன்று கயிறுகள் கட்டினார். மேல் கயிற்றுக்குப் பக்கத்தில் 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதி ஒட்டினார். நடுக் கயிற்றுக்கு 'பரவாயில்லை'. கீழே இருந்த மூன்றாவது கயிற்றுக்கு 'நன்றாக இல்லை'. ஆளுக்கு ஒரு துணி கிளிப், அதில் ஓர் எண். வெள்ளிக்கிழமை காலையில் அதை மாட்ட வேண்டும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு டீச்சர் வந்து பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு நான் கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் போடுவேன்.

"மூணு வாரம் தொடர்ந்து யாரோட கிளிப் கீழ இருக்கோ, அவங்களை நானே தனியா கூப்பிடுவேன்," என்றார் டீச்சர். "நீங்க எதையும் எழுத வேண்டாம், வந்து சொல்லவும் வேண்டாம். கிளிப்பை மாட்டினா போதும்."

தலைமையாசிரியர் வந்து கயிறுகளைப் பார்த்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நல்ல மனிதர்தான். கேடயம் கொடுத்தால் எதுவும் நடக்கும் என்று நம்புகிறவர். எங்கள் பள்ளியில் சுத்தமான கழிப்பறைக்குக்கூட ஒரு கேடயம் இருந்தது. எல்லா வகுப்பிலும் கயிறு கட்டச் சொன்னார். நான்கு வாரம் ஒரு கிளிப்கூடக் கீழ்க் கயிற்றில் இல்லாத வகுப்புக்கு 'மகிழ்ச்சிக் கேடயம்' என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார். ஓரமாக நின்ற டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அந்த வாரமே கிளிப்புகள் எல்லாம் மேலே ஏறிவிட்டன. ரேடியோவுக்குப் பல்வலி. ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. அப்படியே வந்து கிளிப்பை மேல் கயிற்றில் மாட்டிவிட்டுப் போய்த் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொண்டான்.

பதினேழாம் எண் மட்டும் கீழே இருந்தது. அது கொக்குவின் கிளிப். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அந்தப் பெயர். கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள்.

"மேல் கயிறு அவ கைக்குச் சுலபமா எட்டும். அவ என்னடான்னா குனிஞ்சு குனிஞ்சு கீழ மாட்டறா," என்றான் ரேடியோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொக்கு திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பின்சுவருக்கு வந்தேன். பதினேழைக் கழற்றி மேலே மாட்டினேன். ஒரு நொடி வேலை. டீச்சர் நனைந்த குடையோடு வந்து எண்களைக் குறித்தார். எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் மாற்றினேன். அதற்கு அடுத்த வாரமும் மாற்றினேன். வகுப்புக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொக்கு வந்து பக்கத்துக் குழாயருகே நின்றாள். அவள் கையில் டப்பா இல்லை.

"லீடர், டீச்சர் மூணு வாரம்னுதானே சொன்னாங்க?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு இது நாலாவது. நான் எண்ணினதுல ஏதாவது தப்பு இருக்குமா?"

என் டப்பா நிரம்பித் தண்ணீர் வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றேன். அவளே கை நீட்டிக் குழாயை மூடினாள். பிறகுதான் சொன்னாள். அவளுடைய அம்மா இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு எழுவதில்லை. பேசுவதும் இல்லை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். சமையலும் சின்னத் தம்பியும் இவள் பொறுப்பு.

"இதை வாயால எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கிளிப் மாட்டறது சுலபமா இருந்துச்சு," என்றாள். "பரவாயில்ல. திங்கக்கிழமையிலேருந்து நான் வரல. தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்ல."

அவள் போய்விட்டாள். 

மதியம் நடந்த பாடம் எதுவும் என் காதில் விழவில்லை. மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். கேடயத்தை லீடர் எப்படியும் வாங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில் ரேடியோ அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து வைத்திருந்தான். பின்சுவரில் பதினேழு தனியாகக் கீழே தொங்கியது. இன்று ஒரு நாள் மாற்றினால் போதும், கேடயம் எங்களுக்கு.

நான் மேல் கயிற்றிலிருந்து என் கிளிப்பை எடுத்தேன். கீழே பதினேழுக்குப் பக்கத்தில் மாட்டினேன். திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் கத்தும். அது அவள் ஒருத்தி மேல் விழக் கூடாது. அதோடு, அன்று நானும் நன்றாக இல்லை.

டீச்சர் வந்தார்.

"பதினேழு மூணு வாரமும் கீழதான் இருந்துச்சு டீச்சர். நான்தான் மேல மாத்தி வச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நோட்டை மூடிவிட்டு, அவள் வீடு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரே குடையில் நடந்தோம். 

கதவைத் திறந்தவள் கொக்கு. இடுப்பில் தம்பி. உள்ளே விளக்குப் போடாத அறையில் யாரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது தெரிந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் வாசலிலேயே நின்றேன். கிளிப்பை மாற்றியது நான்தான் என்று கொக்குவிடம் சொன்னேன்.

 தம்பி அவள் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்," என்றாள்.

 தம்பியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவன் என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கேடயம் பக்கத்து வகுப்புக்குப் போனது. கீழே இரண்டு கிளிப் இருந்ததாமே, கொக்குவுடையதோடு இன்னொன்று யாருடையது என்று எல்லாரும் கேட்டார்கள். என்னுடையது என்றேன். கொக்கு ஏன் கீழே மாட்டினாள் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன். ரேடியோ முறைத்தான். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. பலகையில் எழுதப் பெயரே இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் கன்னத்தைப் பிடித்தபடி வந்து குனிந்து மூன்றாவது கயிற்றில் கிளிப்பை மாட்டினான்.

"என்ன பாக்கறீங்க? பல்லு இன்னும் வலிக்குது," என்றான்.

சாயங்காலம் எண்ணியபோது கீழே ஆறு கிளிப்புகள் இருந்தன. நான் எதையும் தொடவில்லை.

இனி அவரவர் கதை. கொக்குவின் அம்மாவை டீச்சர் மருத்துவரிடம் அழைத்துப்போனார். எழுந்து நடமாட அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழையபடி சிரிக்கவில்லை, ஆனால் சமைத்தார். கொக்குவின் சித்தி வந்து அவர்களோடு தங்கினார். அவள் இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பி, பரீட்சையில் தவறி, எட்டாம் வகுப்பை மறுபடி படித்தாள். இப்போது செவிலியராக இருக்கிறாள். டீச்சர் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். ரேடியோ பேருந்து ஓட்டுகிறான். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

கொக்கு மாதம் ஒரு முறை எனக்குப் போன் செய்வாள். எப்படி இருக்கே என்று கேட்பாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அவள் காத்திருப்பாள்.