ரெண்டு நெட்டுக்குப்பம்

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தான் ஞானதுரை.

நெஞ்சோடு துண்டில் எதையோ சுற்றி அணைத்துக்கொண்டு, தலை நனைந்தால் நனையட்டும் என்று குனிந்தபடி ஓடிவந்தாள் அவள். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மஜீது பாயின் பழைய கம்ப்யூட்டர் கடை. வாசல் படியில் அவள் கால் லேசாக வழுக்க... உள்ளே வேலையாக இருந்தவன் பாய்ந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"பாத்தும்மா... கைல கொயந்த கீது. உக்காரு. யாராச்சும் ஃபேனை நிறுத்துங்கப்பா, கொயந்தைக்குச் சளி புடிச்சிக்கும்."

அவள் விழித்தாள். பெரிய கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. துண்டை மெல்லப் பிரித்தாள். உள்ளே ஒரு மதர்போர்டு.

"குழந்தை நல்லா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

கடையே சிரித்தது. ஞானதுரைக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. இந்தக் கதையில் அவன் வெட்கப்பட்ட முதல் தடவை அது. சுகமான வெட்கம். பின்னால் வந்தவை எதுவும் அப்படி இல்லை.

அவள் பெயர் மங்கை. பாரிமுனையில் டேட்டா என்ட்ரி வேலை. இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் அவள் ஆபீசில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். பழையதில் கொஞ்சத்தை ஊழியர்களுக்கே மலிவாகக் கொடுத்தார்கள். அப்படி மதர்போர்டு, பிராசஸர், ஒரு கனத்த மானிட்டர் எல்லாம் கிடைத்துவிட்டன. மீதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேம், கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றையும் பூட்டி வைக்க ஒரு கேபினெட். கையிலிருந்த காசோ ஒன்றை எடுத்தால் இன்னொன்றில் இடித்தது.

"இன்னா வேலைக்கு மேடம்?"

"டைப் பண்ண."

"டைப் பண்றதுக்கு கிராபிக்ஸ் கார்டு எதுக்கு? எழுத்து எழுந்து டான்ஸ் ஆடப் போவுதா?"

"அது... தம்பிக்கு. அவன் கேம் விளையாடுவான்."

செய்தி வாசிப்பவர்கள் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டுப் பேசினாள். ஞானதுரை இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தான். ஒன்றைப் போட்டால் கேமில் கார் ஓடும். மற்றதைப் போட்டால் பறக்கும், ஆனால் ரேமைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பறக்கும் கார்டை மாட்டி, கார் பந்தயத்தைப் போட்டு, கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

விரல்கள் தாமாகவே போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தன. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கார் அவளை உரசிக்கொண்டு வந்தது.

"ஏய், எங்க வர்ற நீ... வுட்டனா பாரு கஸ்மாலத்த..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் கார் முந்திப் போனது.

"தம்பிக்குன்னு சொன்னீங்க?" என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தம்பிக்கு நான்தானே சொல்லிக் குடுக்கணும்..." குரல் பாதாளத்தில் இருந்தது. அவளுக்குத் தம்பியே கிடையாது. பொண்ணு கார் ஓட்டி விளையாடுகிறது என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் 'கஸ்மாலம்' அவன் காதில் தேனாக இறங்கியிருந்தது. கார்டு முடிவாகிவிட்டது.

கேபினெட் விஷயத்தில் ஞானதுரைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடு எங்கே என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்க மாட்டான். கடலோர வீட்டுக்கு ஒரு மாதிரி, லாரி போகிற ரோட்டுக்கு ஒரு மாதிரி. காற்றைத் தெரியாமல் பெட்டியைக் கொடுக்கக் கூடாது என்பான்.

"வூடு எந்தப் பக்கம்?"

அவள் துண்டை மடித்தாள். மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"இங்கேதான்... கல்மண்டபம் பக்கம். மாடி வீடு."

"அப்ப நல்ல காத்து. இந்தக் கார்டு சூடாவும். முன்னாடி வலை வெச்சு ரெண்டு ஃபேன் கீற பெட்டியா எடுத்துக்கங்க. காத்தை நல்லா இஸ்த்துக்கும்."

"உங்க வீடு?"

"திருவொத்தியூர். கோயில் தெரு" என்றான், கொஞ்சம் அவசரமாக.

பிறகு இருவருமே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் வந்தாள். ஒரு ஒயருக்காக. மவுஸுக்காக. ஒருமுறை ஒற்றை ஸ்க்ரூவுக்காக. அவனும் சனிக்கிழமைகளில் நீலக் கோடு போட்ட சட்டையாகப் பார்த்துப் போட்டான். "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு" என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். "வூட்டாண்ட வந்து மாட்டிக் குடுக்கட்டா?" என்று அவன் கேட்டபோது மட்டும் முகம் வாடியது. "வேணாங்க... அப்பா ஒருமாதிரி" என்றாள். வற்புறுத்தவில்லை அவன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினாள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறதாம். அவளைப் பார்த்ததும் அவன் மனசு துள்ளியது. ஆனால் கடையில் கூட்டம். வழக்கமாக வந்து அரட்டை அடிக்கும் பிரிண்டிங் பிரஸ்காரர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நீ சேத்த சிஸ்டமா ஞானம்? அதுக்குள்ள படுத்துகிச்சா?"

சுருக்கென்றது. தன் கைவேலைக்குப் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே எங்கும் சாம்பல் நிறத்தில் அழுக்கு, விரல் கனத்துக்கு.

"நான் குடுத்தது சுத்தமான சாமான்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "இத இன்னா குப்பமேட்டுலயா வெச்சிருந்தீங்க? கல்மண்டபத்துல எங்கங்க கீது இத்தினி கலீஜ்?"

கடை சிரித்தது. முதல் நாள் சிரித்த அதே கடைதான்.

மங்கை சிரிக்கவில்லை. பெரிய கண்கள் தரையைப் பார்த்தன. அவமானத்தில் உதடு கோணியது, அழுதுவிடுவாளோ என்று இருந்தது. அழவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கும்பலுக்கு நடுவே வழி கேட்காமல் வழி செய்துகொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் கடையின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து பிரஷால் தட்டினான். அழுக்கு உதிரவில்லை, பூசினாற்போல ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தான். முகப்பவுடர் மாதிரி வழுவழுப்பு...

கை நின்றுவிட்டது. இது தூசி இல்லை. இதை அவனுக்குத் தெரியும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து வந்து, எர்ணாவூரில் அவன் அம்மா காயப்போடும் துணிமேல் தினமும் படிகிற சாம்பல். கோயில் தெருவாவது ஒன்றாவது, அவன் வீடு எர்ணாவூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் அவன் காலரைத் தட்டிவிட்டு, "இன்னாப்பா, வெள்ளை அடிச்சிட்டு வர்றியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு சட்டையைக் கவரில் மடித்து எடுத்துவந்து, இதே பின்னறையில் மாற்றிக்கொண்டுதான் வெளியே போவான். அந்த நீலக் கோட்டுச் சட்டையும் அப்படி வந்ததுதான்.

ஃபேனைக் கழற்றினான். அச்சில் பச்சை நைலான் நூல் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. வலை நூல். அதுதான் ஃபேனை நிறுத்தியிருக்கிறது. சூடேறி எல்லாம் அணைந்திருக்கிறது. சாம்பலும் வலை நூலும் ஒரே வீட்டுக்குள் வருகிற இடம் எதுவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எர்ணாவூரைத் தாண்டி, கழிமுகத்தில் இருக்கிற நெட்டுக்குப்பம்.

அவள் ஏன் துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள் என்று இப்போது புரிந்தது. தன் வீட்டு ஜன்னலில் படிகிற அதே சாம்பலைக் காட்டி, நாலு பேர் நடுவில் அவளைக் கேட்டிருக்கிறான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் நெட்டுக்குப்பத்துக்குப் போனான். 'கம்ப்யூட்டர் கீற வூடு' என்றதும் கை காட்டினார்கள். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். முன்னறையில் அவள் அப்பா வலை பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மானிட்டர், பழைய புடவையால் போர்த்தி இருந்தது.

வெளியே வந்த மங்கை அவனைப் பார்த்து நின்றுவிட்டாள். இஸ்திரி போட்ட பேச்செல்லாம் எங்கோ போயிருந்தது.

"இன்னா, குப்பமேட்ட நேர்ல பாக்க வந்தியா?"

"தப்பு பண்ட்டேன் மங்கை. நான் திருவொத்தியூரு இல்ல. எர்ணாவூரு... போர்டு வூடு. இதே சாம்பல்தான் எனக்கும்."

அவள் கண்களில் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியும் போனது.

"நானும்தான் பொய் சொன்னேன். அதுல எனக்குத்தான் வெக்கம். நீ கேட்டதுல எங்க ஊருக்கே வெக்கம்" என்றாள். "கடையில எல்லாரு முன்னாடியும் கேட்டே. இங்க வந்து யாரு காதுலயும் வுழாம சொல்றியா? பெட்டிய மட்டும் சரி பண்ணி வை. சனிக்கெழம வந்து எடுத்துக்கறேன்."

அவள் சொன்னது நியாயம்.

அந்தச் சனிக்கிழமை ஞானதுரை கவர் எடுத்துவரவில்லை. தோளில் சாம்பல் படிந்த சட்டையோடே கடைக்குள் நுழைந்தான்.

"இன்னா நைனா, சட்ட மாத்தல?" என்றார் மஜீது பாய்.

"இதான் பாய் என் சட்ட."

மங்கை வந்தபோது கூட்டம் இருந்தது. பிரஸ்காரரும் இருந்தார். "வாம்மா... குப்பமேட்டு சிஸ்டம் ரெடியாய்ட்சா?" என்று அவர் ஆரம்பிக்க, இரண்டு பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

ஞானதுரை ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அது குப்ப இல்லண்ணே. சாம்பல்" என்றான். தன் தோளைத் தட்டிக் காட்டினான், மேஜைமேல் கொஞ்சம் உதிர்ந்தது. "தோ, என் மேலயும் கீது. நான் எர்ணாவூரு போர்டு வூடு. இத்தினி வருசமா உங்ககிட்டல்லாம் திருவொத்தியூருன்னு சொல்லிகினு கீறேன். இவங்க பெட்டிய தப்பா வெச்சுக்கல. காத்தப் பாக்காம பெட்டி குடுத்தது நான். அப்பால அவங்களயே அசிங்கப்படுத்தனதும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பிரஸ்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு நெட்டுக்குப்பம், பாய்" என்றாள் மங்கை, மெதுவாக, தன் சொந்தப் பேச்சில். "கல்மண்டபத்துல எனக்கு யாருமில்ல. வூட்ல அப்பா வலை பின்னிகினு இருப்பாரு."

மஜீது பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்தப் பக்கத்துக்கு வேற பெட்டில்ல குடுக்கணும்" என்றார்.

"மாத்திட்டேன் பாய்" என்றான் ஞானதுரை. முன்பக்கம் மூடிய பெட்டி, பின்னால் ஒரே ஒரு ஃபேன். "வெயிட்டா கீது. நான் தூக்கியாறேன், பஸ் வரைக்கும்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்ணூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டியை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவளின் கை அப்படியே நின்றது. ஃபேனுக்கு மேல் மெல்லிய துணி இழுத்துக் கட்டியிருந்தது, சாம்பல் உள்ளே போகாமல். நீலக் கோடு போட்ட துணி. ஓரத்தில் பட்டன் துளை ஒன்றுகூட அப்படியே இருந்தது.

"இது... உன் சட்ட."

"இனிமே அத எங்க போடப் போறேன்" என்றான். "வாரா வாரம் அவுத்துத் தொவைக்கணும். இல்லாட்டி அடச்சிக்கும்."

"யாரு தொவைக்கறது?"

அவன் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "எங்கப்பா?"

"ரெண்டு நெட்டுக்குப்பம்" என்றான் ஞானதுரை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

"உன் ஸ்டாப்பு எர்ணாவூரு. முன்னாடியே வந்துரும்" என்றாள் அவள், வெளியே பார்த்தபடி.

"தெரியும். எறங்க மாட்டேன். எனக்கு உன்ன புடிச்சிருக்கு மங்கை. நீ கொயந்தையத் தூக்கினு வந்தன்னைக்கே..."

அவள் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. பிறகு துப்பட்டா நுனியை எடுத்து, பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, அவன் தோளில் இருந்த சாம்பலைத் துடைத்தாள்.

"நாளைக்கும் வுழும்" என்றான் அவன்.

"வுழட்டும்... தொடைக்கறேன்" என்றாள்.