இடப்பக்கத்துப் பலகை

ஹஃபீஸா பிறந்ததிலிருந்தே இடக்கைக்காரி. ஆறாம் வகுப்பில் இருந்த பழைய தேக்கு நாற்காலிகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. முப்பது நாற்காலி, முப்பதிலும் எழுதும் பலகை வலப்பக்கம்.

அவள் உடம்பை முறுக்கிக்கொண்டு, முழங்கை அந்தரத்தில் தொங்க எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகப் போனது. கையெழுத்துக்கு மார்க்கும் போனது.

"அடுத்த வெள்ளிக்கிழமை பரீட்சைய வலது கையால எழுது. எல்லாரும் எழுதலையா?" என்றார் அன்னபூரணி டீச்சர். நல்ல டீச்சர்தான். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்.

ஹஃபீஸாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கையில் ஒரு குறையும் இல்லை, மாற வேண்டியது நாற்காலிதான் என்று முடிவு கட்டினாள்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பலகை கழன்ற நாற்காலி ஒன்று கிடந்தது. சரிசெய்யட்டுமா என்று கேட்டதற்கு, தாராளமாகச் செய் என்று டீச்சர் சிரித்தார். தோழி விஷ்ணுப்ரியாவின் சைக்கிளில் கட்டி, இருவரும் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பலகையை இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். அதன் கூர்மூலை வயிற்றில் குத்தியது. விஷ்ணுப்ரியா உதட்டைப் பிதுக்கினாள். ஹஃபீஸா விடவில்லை. அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள். கடைசியில் குப்புறக் கவிழ்த்தாள். அளவெடுத்து அறுத்ததுபோல் பொருந்தியது!

ஆனால் மேலே வந்த அடிப்பக்கத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. காய்ந்த சூயிங்கம், மைக்கறை, சிலந்திக்கூடு. முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு மிருதுவானது என்று மூன்று நாள் தேய்த்தாள். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மித் தீர்த்தாள். அழுக்குக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் தேக்கு சிரித்தது. ஜன்னலுக்கு அடித்து மீந்த வார்னிஷை உம்மா கொடுத்தார்.

ஸ்க்ரூ இறங்க மறுத்தது. ஆணியால் துளை போட்டு, ஸ்க்ரூவின் நுனியில் சோப்பைத் தடவித் திருகினாள். தேக்கு வழிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நாற்காலி வகுப்புக்குள் நுழைந்தது. டீச்சரின் முகம் மாறியது.

"பலகைய ஏன் மாத்தின? பழையபடி வலப்பக்கம் மாட்டு."

பரீட்சைக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"மாட்ட மாட்டேன் டீச்சர்," என்றாள் ஹஃபீஸா. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒரு தடவ உக்காந்து எழுதிப் பாருங்க. அப்பறம் சொல்லுங்க, மாட்டுறேன்."

டீச்சர் விறுக்கென்று உட்கார்ந்தார். வலது கையில் பேனாவை எடுத்தார். உடம்பை முறுக்கினார். முழங்கை அந்தரத்தில் தொங்கியது. ஒரு தாளில் 'அன்னபூரணி' என்று எழுதியதில் 'ணி' தாளை விட்டே இறங்கப் பார்த்தது.

"இதுல எப்படிம்மா எழுதுறது?"

"நானும் அதத்தான் டீச்சர் ஜூன் மாசத்துலேருந்து கேக்குறேன்."

டீச்சர் தன் கோணல் கையெழுத்தைப் பார்த்தார். ஹஃபீஸாவைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, கேள்வித்தாளை எடுத்து இடப்பக்கத்துப் பலகையில் வைத்தார்.

"உக்காரு. பலகை அப்படியே இருக்கட்டும்."

ஹஃபீஸா உட்கார்ந்தாள். முழங்கையைப் பலகையில் முழுதாகச் சாய்த்து, இடது கையால் முதல் வரியை நேராக எழுதினாள்.