பந்து வந்தால் காற்று

பம்பு கிணற்றில் விழுந்த நாளிலிருந்து பொன்னுமணியின் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சிலமலையில் அவர்கள் தோட்டத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை. மேலே டீசல் இன்ஜின் ஓடும். கிணற்றுப் படியில் இருக்கும் பம்பு தண்ணீரை இழுத்துத் தள்ளும். கோடையில் தண்ணீர் இறங்கிப் போனதால், அப்பா சோலைமலை பம்பைக் கீழ்ப்படிக்கு இறக்கினார். பாதியில் கயிறு அறுந்தது. அவ்வளவு கனமான இரும்புப் பம்பு தொம்மென்று தண்ணீருக்குள் போய்விட்டது.

தோட்டத்தில் பருத்தி பூவும் பிஞ்சுமாக நின்றது. சீக்கிரம் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் கருகிவிடும்.

அம்மா அன்னக்கொடி தன் தம்பி சோணைக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். மூச்சைப் பிடித்து முங்குவதில் கெட்டிக்காரர். கீழே இறங்கும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். தோளில் ஒரு நீள ரப்பர் குழாய் சுருண்டு கிடந்தது. ஏலச் செடிக்கு மருந்தடிக்கிற குழாயாம். போகும்போது போடியில் அதன் முனையை ரிப்பேர் பார்க்க வேண்டுமாம்.

முங்கிப் பார்த்துவிட்டு மாமா உதட்டைப் பிதுக்கினார். பம்பு சேற்றில் புதைந்து கிடந்தது. கரையிலிருந்து கயிற்றால் சாய்வாக இழுத்தால் பக்கத்துப் பாறைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். நேராக எழும்பினால்தான் உண்டு.

லாரி டியூபைக் கட்டினால் அது மிதந்து பம்பையும் தூக்கிவந்துவிடும் என்று அப்பா யோசனை சொன்னார். போடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சவுகத் அலி ஒரு டியூபும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுவந்தார். டியூபை விம்ம விம்ம ஊதிக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மாமா டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முங்கப் பார்த்தார். டியூப் அசைந்து கொடுக்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினார். அது அவரைக் குப்புறத் தள்ளிவிட்டது. சவுகத் அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொன்னுமணி சிரிக்கவில்லை. அவளிடம் போடித் திருவிழாவில் வாங்கிய சிவப்பு ரப்பர் பந்து ஒன்று இருந்தது. ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும். நீச்சலடிக்கும்போது அதைத் தண்ணீருக்குள் அமுக்கி விடுவதுதான் அவளுக்கு விளையாட்டு. விட்டவுடன் துள்ளிக்கொண்டு மேலே வரும். எப்போது பார்த்தாலும் பந்துதானா என்று அம்மா தினமும் திட்டுவாள்.

"மாமா, காத்து இருந்தா கீழ போகாது. வெறும் டியூபக் கொண்டு போயி கட்டுங்க. கட்டுன பெறகு காத்தடிக்கலாம்ல?"

"அங்க எப்படித்தா காத்தடிக்கிறது?" என்றார் அப்பா.

பொன்னுமணி மாமாவின் குழாயைக் காட்டினாள். சவுகத் அலி அவளை ஒரு தடவை, குழாயை ஒரு தடவை பார்த்தார். குழாயின் ஒரு முனையை டியூபிலும் மறு முனையைக் காற்றுப் பம்பிலும் மாட்டிக் கம்பியால் இறுக்கினார்.

ஆனால் ஒரு சிக்கல். வெறும் டியூப் துவண்டு போய்க் கயிற்றுச் சுருக்கிலிருந்து நழுவிவிடும். கொஞ்சம் காற்று ஏறும்வரை மாமா கீழேயே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எப்போது காற்றடிப்பது என்று மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? கயிற்றை ஆட்டிக் காட்டலாம் என்றால், முடிச்சுப் போடும்போதே கயிறு ஆடும்.

அப்பா ஒரு நெற்றுத் தேங்காயை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் கட்டியானதும் அதை விட்டுவிட வேண்டும். காய் மிதந்து வந்ததும் காற்றடிக்க வேண்டும் என்று பேச்சு.

மாமா முங்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நடுவே ஒரு தேங்காய் ஆடியது. "காய் வந்துருச்சு பாய், அடிங்க" என்றார் அப்பா. சவுகத் அலி மூச்சுவாங்க அடித்தார்.

அடுத்த நிமிடம் மாமா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஒரு கையில் விரல்களெல்லாம் தோல் உரிந்திருந்தது. இன்னொரு கையில் தேங்காய்.

"நான் இன்னும் தேங்காய விடவே இல்லையே மச்சான். கை சுருக்குக்குள்ள இருக்கும்போதே டியூப் உப்பிருச்சு."

எல்லோரும் கிணற்றைப் பார்த்தார்கள். கரைத் தென்னையிலிருந்து என்றைக்கோ விழுந்த காய் அது. மூலையில் பாசிக்குள் கிடந்தது, மாமா குதித்த அலையில் நடுவே வந்திருக்கிறது.

அம்மா படி விளிம்புக்கு ஓடி வந்தாள். "பருத்தி போனாப் போகுது. நீ ஏறி வா சோணை."

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னுமணி கருகும் பருத்தியைப் பார்த்தாள், மாமாவின் விரல்களைப் பார்த்தாள். பருத்தியும் வேண்டும், மாமாவும் வேண்டும். பந்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

"அம்மா, நம்ம கெணத்துல செவப்பா வேற எதுவுமே கெடையாது. இந்தப் பந்து வந்தா கொஞ்சமாக் காத்தடிக்கணும், நிப்பாட்டிரணும். மாமா தல வெளிய வந்து, மாமா படியில ஏறுன பெறகுதான் மிச்சக் காத்து."

அம்மா தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சவுகத் அலியிடம், தான் சொல்லாமல் மிச்சக் காற்றை அடிக்கவே கூடாது என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, டியூபில் ஏறியிருந்த காற்றைக் குழாய் வழியாகத் திறந்துவிட்டார்.

மாமா பந்தை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு முங்கினார். தண்ணீர் அடங்கியது. பழைய தேங்காய் ஆடி ஆடி வந்தது. ஒருவரும் அசையவில்லை. பிறகு, பளிச்சென்று ஒரு சிவப்பு துள்ளி எழுந்தது.

சவுகத் அலி கொஞ்சமாக அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அம்மா கண்ணைக் கொட்டாமல் தண்ணீரையே பார்த்தாள். மாமாவின் தலை தெரிந்தது. அவர் படியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். "இப்ப அடிங்க பாய், வெரசா."

சேறு கலங்கி மேலே வந்தது. குமிழிகள் வந்தன. கடைசியில் கரிய டியூப் மெதுவாகத் தலைகாட்டியது. அதற்கு அடியில், சேறு பூசிய பம்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மகளின் தலையில் கையை வைத்து அப்படியே நின்றார். அம்மா தம்பியின் விரல்களுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அவரைத் திட்டினாள், சிரித்துக்கொண்டே.

மறுநாள் பம்பைக் கழுவிப் பூட்டி இன்ஜினை ஓட்டினார்கள். அம்மா மண்வெட்டியோடு தோட்டத்தின் கடைசியில் காத்திருந்தாள். இன்ஜின் சத்தத்தில் இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே காதில் விழாது. பந்து வந்தால் வரப்பை வெட்டலாம் என்று பேச்சு. பொன்னுமணி பந்தை வாய்க்காலில் விட்டாள்.

பருத்திச் செடிகளுக்கு நடுவே உருண்டும் மிதந்தும் போய், பந்து அம்மாவின் காலில் முட்டியது. அம்மா அதை எடுத்து ஈரத்தோடு முந்தானையில் முடிந்துகொண்டாள். வரப்பை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டாள்.