தலை நசுக்காத புழுக்கள்

மணல் அசைந்தது, ஆனால் ஓடு உரசும் சத்தம் வரவில்லை. மெர்வினுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கட்டிலை ஒட்டி ஸ்டூல்மேல் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் துறவி நண்டு நடந்தால், அது சுமக்கும் சங்கு கண்ணாடியில் இடித்து, பாத்திரக்காரன் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒரு கடகடப்பு கேட்கும். இப்போது ஈரமணல் மட்டும், அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல, ஒரே இடத்தில் மெல்ல உப்பி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்குக் கீழே தாசில்தார் இருந்தார். லேசில் அசைய மாட்டார், அசைந்தால் வேறு பங்களாவுக்கு மாற்றல் என்பதால் மெர்வினே அந்தப் பெரிய நண்டுக்கு வைத்த பெயர். தோல் உரிப்பதற்காக மண்ணுக்குள் போனவர் இன்னும் மேலே வரவில்லை.

நண்டுகள் மகள் ஹெப்சியுடையவை. கோவையில் வேலை கிடைத்துப் போனவள், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்ட அப்பாவுக்குத் துணையாக அவற்றை விட்டுப்போயிருந்தாள். யாருக்கு யார் துணை என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மெர்வினின் காலில் முட்டிவரை மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் பச்சிலையும் அப்பி, துணி சுற்றிய நாட்டுக்கட்டு. மாவுக்கட்டுக்குப் பயந்து மச்சான் பேச்சைக் கேட்டதன் பலன். ஆஸ்பத்திரி டாக்டர் கடைசியாகச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "சர்க்கரைக் கால் சார். முட்டிக்குக் கீழ உணர்ச்சி போயிடுச்சு. உள்ள புண்ணு வந்தா உங்களுக்கே தெரியாது. அப்புறம் காலையே எடுக்கற மாதிரி ஆயிடும்." கால் முறிந்தும் கண்ணீர் விடாத மாவீரன் என்று மெர்வின் அதையும் சபைக்காரர்களிடம் ஜோக்காக்கி ஓட்டிவிட்டார்.

மண்ணுக்கு மேலே திரிந்த இரண்டு குட்டி நண்டுகளுக்கு, அதாவது குமாஸ்தாக்களுக்கு, சத்துக்காகப் புழு போட வேண்டும். ஹெப்சி குரல் பதிவே அனுப்பியிருந்தாள். "அப்பா, வீட்ல கெடக்கற கரப்பான், லைட்ல விழற ஈசல் எல்லாம் போடாதீங்க, மருந்து பட்டிருக்கும். கடைல விக்கற சூப்பர் வார்ம் மட்டும். அதையும் இடுக்கியால தலைய நசுக்கிட்டுத்தான் போடணும். உயிரோட விட்டா மண்ணுக்குள்ள பூந்து, தோலுரிச்சு மெத்துனு கெடக்கற நண்ட தின்னுடும். ப்ளீஸ்பா, உங்க இரக்கத்த எல்லாம் அதுங்ககிட்ட காட்டாதீங்க."

காட்டினார். விரல் நீளத்துக்கு இருந்த பழுப்புப் புழு இடுக்கியின் நுனியில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்திவிட்டார். மீன் குழம்பை மட்டும் மனசார வெளுத்துக் கட்டுகிற மனிதர்தான். ஆனாலும் பாவம் என்று உயிரோடே தொட்டிக்குள் விட்டார். போதாததற்கு, டப்பாவில் மிச்சமிருந்தவற்றுக்கு மூச்சு முட்டுமே என்று மூடியின் துளைகளைக் கத்தரிக்கோலால் பெரிதாக்கினார். நேற்று மத்தியானத் தூக்கத்தில் அந்த டப்பா போர்வைக்குள் கவிழ்ந்துவிட்டது. அவற்றுக்குத் தீனியாக டப்பாவில் இருந்த தவிட்டோடு சேர்த்து அள்ளியதில் பாதிப் புழுக்கள்தான் கிடைத்தன. மிச்சம் கட்டிலுக்கடியில் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவி சுஜியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் கட்டிலுக்கடியில்தான் படுக்கை.

இப்போது மணல் மறுபடி உப்பியது. வெளியே மழை. சுஜி செம்பாக்கத்தில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவர் எழுந்து வந்து கதவு திறக்க வேண்டாமே என்று வெளியே பூட்டிச் சாவியையும் எடுத்துப்போயிருந்தாள். மின்சார ரயில் ஒன்று ஈரத்தில் சீறிக்கொண்டு போய் ஓய்ந்தபின், தொட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு பொரி மெல்லும் சத்தம்.

கரண்டியால் மணலைத் தோண்டினார். சங்கு வந்தது. கனமாக இருந்தது. அப்பாடா என்று உள்ளங்கையில் கவிழ்த்தார்.

முதலில் ஒரு கொடுக்கு விழுந்தது. அப்புறம் கூழ். கூழுக்குப் பின்னால் புழுக்கள், கொழுத்து, பளபளத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. நண்டின் இரண்டு கண்காம்புகளும் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. தலைக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

சங்கைச் சுவரில் வீசினார். உடைந்தது. புழுக்கள் தரையில் நெளிந்தன. அறை அமைதியானது.

பொரி மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தொட்டியைப் பார்த்தார். அங்கிருந்து வரவில்லை. தரையிலிருந்தும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். போர்வைக்கு அடியிலிருந்து வந்தது.

போர்வையை விலக்கியதும் அழுகிய முட்டையின் நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டின் விளிம்பில் துணி ஈரமாக, கறுப்பாக இருந்தது. கை வைத்துப் பார்த்தார். மூங்கில் பத்தை துடித்தது. உள்ளங்கைக்கு அது தெரிந்தது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

போனை எடுத்தார்.

"சுஜி, உடனே வா. என் காலுக்குள்ள புழு பூந்திருக்கு. தின்னுது."

பின்னால் பாட்டுச் சத்தம். சுஜி கிசுகிசுத்தாள். "ஏங்க, போன வாரம் நெஞ்சு வலின்னு கூப்ட்டீங்க. ஓடி வந்து பாத்தா மிக்சர் தீந்துபோச்சுன்னீங்க."

"சத்தியமா சுஜி. சத்தம் கேக்குது."

"கூட்டத்துல எல்லாரும் சாட்சி சொல்ற நேரம். வரும்போது பக்கோடா வாங்கியாறேன், பேசாம படுங்க." வைத்துவிட்டாள்.

மெர்வின் சிரித்தார். பழக்கதோஷம். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.

துணி காய்ந்த முட்டையில் இறுகி, அட்டைபோல வெட்டுப்பட்டது. பத்தையைப் பிடுங்கினார். அதோடு தோலும் வந்தது. வலிக்கவில்லை. இன்னொரு பத்தை. வலிக்கவில்லை. கெண்டைக்காலில் காசு அளவுக்கு ஓட்டைகள். ஓரங்கள் கடிபட்டுப் பிசிறாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்பு வால்.

ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது உள்ளே கவ்விக்கொண்டது. பலமாக இழுத்தார். அறுந்தது. வால் விரலில் துள்ளியது. தலை உள்ளே.

கத்தரியின் நுனியை ஓட்டைக்குள் விட்டுக் கிளறினார். ரத்தம் மெத்தையில் சொட்டவில்லை, கொட்டியது. எலும்பில் இரும்பு உரசியது. அந்த உரசல் பல்லில் கூசியது. காலில் இல்லை. இரண்டைக் குத்தி எடுத்தார். மூன்று. மற்றவை வால்களை உள்ளிழுத்துக்கொண்டன.

ஓட்டைகள் காலியாயின.

தோலுக்கடியில் வரப்புபோல ஒன்று எழுந்தது. மெதுவாக. மேல்நோக்கி. பக்கத்தில் இன்னொன்று. முட்டிச்சில்லை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு மேலேறின.

முட்டிக்கு மேலே மெர்வினுக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது.

அலறினார். கத்தரி கைநழுவியது. இரண்டு கையாலும் தொடையை வளைத்துப் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல இறுக்கினார். வரப்புகள் விரல்களுக்குக் கீழே வந்து முட்டின. நின்றன. உள்ளே பற்கள் மாறி மாறிக் கடித்தன. ஒவ்வொரு கடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

தலையணைமேல் போன் அடித்தது. திரையில் சுஜி. கை எட்டும் தூரம்தான்.

ஒரு கையை விட வேண்டும்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ரத்தத்தில் விரல்கள் வழுக்கத் தொடங்கின. கட்டைவிரல் இரண்டும் சேராத சின்ன இடைவெளியில், தோல் மெல்ல உப்பியது.