தலூவாவின் ஒற்றை வாக்கு

வாக்கெடுப்புக்கு இன்னும் ஆறு மணி நேரம், நாற்பது நிமிடம்.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகர ஹோட்டல். அறை 412.

கட்டிலருகே விழுந்து கிடந்தார் டெவோ. சர்வதேச மாநாட்டுக்கு வந்த தலூவா தீவு நாட்டின் பிரதிநிதி. வாயோரம் நுரை...

அறை சுத்தம் செய்ய வந்த ஈழத்துப் பெண் மதுஜா அலறவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள்.

அது அவரைத் தூக்கிக்கொண்டு போனபின் ஜெரோசன் வந்தான். கன்டோன், அதாவது மாநிலப் போலீஸ். இங்கேயே பிறந்த தமிழன்.

கூடவே வந்தார் தீவின் ஆலோசகர் ரொப்சன். வெள்ளைக்காரர்.

"நேற்று மாலைக்குப் பிறகு நான் இங்கே வரவேயில்லை," என்றார் ஆங்கிலத்தில். "பாவம், மாரடைப்பு. இரண்டு மணிக்கு அவர் இடத்தில் நான் வாக்களிப்பேன்."

"எதற்கு?"

"திமிங்கில வேட்டைக்கு மறுபடி அனுமதி. ஒரு வாக்கில்தான் ஜெயிப்போம்."

"டெவோ அதை எதிர்த்தாராமே?"

"பதினோராயிரம் பேர் வாழும் தீவு. துறைமுகம் கட்டிக் கொடுத்தது வேட்டை நாடுகள்தான் என்பதை மறந்துவிட்டார்."

துடைப்பத்தோடு நின்ற மதுஜா ரொப்சனைக் கண்ணால் காட்டினாள்.

"தம்பி, உந்தாளுக்குத் தமிழ் விளங்குமோ?"

"இல்லையக்கா. கதையுங்கோ."

"சொந்தமா ஒரு நாடு, ஒரு பேர்ப்பலகை, ஒரு வோட். எங்கட சனம் இவ்வளவு செத்தும் கிடைக்காத சாமான். அதை உவன் துறைமுகத்துக்கு விக்கிறான்."

ஜெரோசனின் கைபேசி ஒலித்தது. மருத்துவமனை. கேட்டான். வைத்தான். முகத்தில் ஒன்றுமில்லை.

"விடிய உவர் இங்கை வந்தவரோ, அக்கா?"

"ஓம்."

ரொப்சன் நிமிர்ந்தார். யோகா வகுப்பில் கேட்ட சொல். பிரார்த்தனை! மரியாதையாகத் தலை குனிந்தார்.

"கையிலை கோப்பியோ?"

"ஓம்."

கண்களையும் மூடிக்கொண்டார்.

"அந்தக் கப் கிடக்கோ?"

"ஓம். என்ரை அழுக்குத் துணி வண்டிலுக்கை ஒளிச்சவர். நான் கழுவேல்லை."

"ஆஸ்பத்திரியிலை நஞ்செண்டு சொல்லினம். அப்ப, வைச்சது உவர்தானோ?"

"ஓம்..." என்றார் ரொப்சன். கைகூப்பி, உருக்கமாக.

கூப்பிய கைகளில் விலங்கு விழுந்தது.

"என்ன இது? இறந்தவருக்காகத்தானே ஜபித்தேன்?"

ஜெரோசன் மதுஜாவைப் பார்த்தான். "ஆஸ்பத்திரியிலை சொன்ன மற்றதையும் உவருக்குச் சொல்லட்டோ?"

அந்தச் செய்தியை முதலில் தமிழிலேயே அவள் காதில் சொன்னான்.

மதுஜா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"சொல்லுங்கோ தம்பி. ஓம் எண்டா எங்கட பாஷையிலை யெஸ். நோ சொல்ல, ரெண்டு மணிக்கு டெவோ உயிரோட வாறார்."